பரணில் இருப்பது பழைய பித்தளையா? சீனத்துப் பொக்கிஷமா?

"பழைய இரும்பு, பித்தளை, செம்பு, அலுமினியம் இருந்தால் போடலாம்!"

இந்தக் குரலைக் கேட்காத தெரு நாமக்கல்-சேலம் சாலையில் உள்ள புதுச்சத்திரத்திலும் இல்லை. வேறு எந்த ஊரிலும் இல்லை. முன்பு தலையில் கூடையோடு வந்தார்கள். இப்போது ஒலிபெருக்கி கட்டிய சிறு வண்டியில் வருகிறார்கள்.

வீட்டு அம்மாள் பரண் மீது ஏறுகிறார். ஓட்டை விழுந்த குடம் இறங்குகிறது. கழுத்து நசுங்கிய சொம்பு இறங்குகிறது. அவற்றோடு, மூடியில் பாம்பு மாதிரி ஏதோ உருவம் போட்ட ஒரு சின்னப் பெட்டியும் இறங்குகிறது.

"இது என்னங்கம்மா?"

"எங்க மாமனார் மலாயாவிலிருந்து கொண்டாந்ததுங்க. சும்மாதான் கிடக்குதுங்க."

"எல்லாம் ஒரே எடைதானுங்கம்மா."

தராசில் எல்லாம் ஏறுகிறது. ஓட்டைக் குடத்துக்கு என்ன விலையோ, அதே விலைதான் பெட்டிக்கும். இரண்டும் ஒரே மூட்டையில் உலைக்குப் போகும்.

இப்படி நடப்பது புதிதல்ல. எவர்சில்வர் வந்த காலத்தில் எத்தனையோ வீடுகளில் பித்தளைச் சாமான்களைப் போட்டுவிட்டுப் பளபளக்கும் புதுப் பாத்திரம் வாங்கினார்கள். குடத்தையும் அண்டாவையும் போட்டதில் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் அந்தப் பெட்டி? அதை எடைக்குப் போட்டது சரியா?

சில சமயம் சரி. சில சமயம் பெரிய நஷ்டம்! எது எப்போது என்று கண்டுபிடிக்க, கண்ணும் விரலும், ஒரு காந்தமும், ஒரு குண்டாவில் தண்ணீரும் இருந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

சீனாவுக்கும் புதுச்சத்திரத்துக்கும் என்ன சம்பந்தம்?

புதுச்சத்திரம் கடற்கரை ஊர் அல்ல. அங்கே சீனப் பித்தளை எப்படி வரும்?

கப்பலில்தான் வரும்!

நாமக்கல் தனி மாவட்டம் ஆனது 1997-ம் ஆண்டில். அதற்கு முன் அது சேலம் மாவட்டத்தில் இருந்தது. அந்தப் பழைய சேலம் மாவட்டத்திலிருந்தும், பக்கத்துத் திருச்சியிலிருந்தும் ஏராளமானவர்கள் மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்குப் போனார்கள். கங்காணிகள் ஊர் ஊராக வந்து ஆள் சேர்த்தார்கள். இப்படிச் செலவு கொடுத்து ஆள் அனுப்புவதற்கு 1938-ம் ஆண்டில் இந்திய அரசாங்கம் தடை போட்டது. அதற்குப் பிறகும் சொந்தச் செலவில் போகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள்.

சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பல் ஏறினால் பினாங்கு. அதைத் தாண்டினால் சிங்கப்பூர். அந்தக் காலத்து மலாயாத் தமிழர்களிடம் 'ரஜூலா' என்று சொன்னால் போதும், கதை கதையாகச் சொல்வார்கள். 1926-ம் ஆண்டில் கட்டிய அந்தக் கப்பல் 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. அதற்குப் பின் 'சிதம்பரம்' கப்பல் ஓடியது. 1985-ல் அது தீப்பிடித்த பிறகு அந்தப் போக்குவரத்தே நின்றுவிட்டது.

மலாயாவில் தமிழருக்கு அடுத்த வீட்டுக்காரர் யார்? சீனர்! ஈயச் சுரங்கத்தில் சீனர், கடைத்தெருவில் சீனர். சிங்கப்பூரில் 1827-ல் தோன்றிய மாரியம்மன் கோவில், சீனக் கடைகள் சூழ்ந்த 'சைனாடவு'னின் நடுவில்தான் இன்றும் இருக்கிறது. ஊருக்குத் திரும்பும்போது அந்தக் கடைகளில் எதையாவது வாங்கித் தகரப் பெட்டியில் வைத்துக்கொண்டு வருவது வழக்கம். 1969-க்குப் பிறகு, மலேசியாவில் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்று ஆனது. அப்போது குடும்பம் குடும்பமாகத் திரும்பினார்கள். அவர்களோடு அந்தத் தகரப் பெட்டிகளும் வந்தன.

இது இன்னும் பழைய உறவு என்பதற்கு ஒரு கல் சாட்சி இருக்கிறது. சீனக் கப்பற்படைத் தலைவர் செங் ஹோ இலங்கைக்குக் கொண்டு வந்த கல்வெட்டு அது. 1409-ம் ஆண்டு நாள் குறித்தது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் வெட்டியது. பொன், வெள்ளி, பட்டு ஆகியவற்றோடு, உலோகத்தில் செய்த தூபக்கால்கள், பூச்சாடிகள், விளக்குகளையும் காணிக்கையாகக் கொடுத்ததாக அது சொல்கிறது. அதன் தமிழ்ப் பகுதி இலங்கையின் தென்கோடியில் இருந்த தென்னாவரை நாயனாரை வணங்குகிறது. சீனத்து விளக்குக்குத் தமிழில் ரசீது!

அந்தக் கல் எங்கே கிடைத்தது தெரியுமா? 1911-ம் ஆண்டில், காலி நகரத்தில், ஒரு சிறு பாலத்தின் மூடுகல்லாகக் குப்புறக் கிடந்தது. இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

முதலில், அது பித்தளைதானா?

செம்பும் துத்தநாகமும் சேர்ந்தால் பித்தளை. செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தால் வெண்கலம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 17, 18-ம் நூற்றாண்டுகளில் சீனாவின் காண்டன் துறைமுகத்திலிருந்து துத்தநாகம் கப்பல் கப்பலாக இந்தியாவுக்கு வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் தங்கள் கணக்கில் அதை 'டூட்டனாக்' என்று எழுதினார்கள். 'துத்தநாகம்' என்ற நம் சொல் காதில் விழுகிறது அல்லவா? ஆக, அந்தக் காலத்தில் நம் கன்னார் தட்டிய குடத்திலேகூடச் சீனத்துச் சரக்கு கலந்திருக்கலாம்.

காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். பித்தளை காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால் அது இரும்பு. மேலே மஞ்சள் முலாம்.

ஒட்டவில்லை என்றால் உடனே துள்ளிக் குதிக்க வேண்டாம். துத்தநாகத்தை வார்த்து, மேலே பித்தளை முலாம் பூசிய பொம்மைகளும் காந்தத்தில் ஒட்டா. முனை தேய்ந்த இடத்தில் உள்ளே வெள்ளையாகத் தெரிகிறதா என்று பாருங்கள். சந்தேகம் என்றால் தண்ணீர்ச் சோதனை இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளே செய்துவிடலாம்.

பொருளை எடை போடுங்கள். 1 கிலோ 700 கிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குண்டாவில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, கீழே ஒரு தாம்பாளத்தை வையுங்கள். பொருளை மெதுவாக முழுக்குங்கள். வழிந்த தண்ணீரை மருந்து அளக்கும் குவளையில் அளந்து பாருங்கள். 200 மில்லி வந்தால், 1,700-ஐ 200-ஆல் வகுக்க வேண்டும். விடை 8.5. பித்தளை ஏறக்குறைய 8.4 முதல் 8.7 வரை வரும். துத்தநாக வார்ப்பு 7 அல்லது அதற்கும் கீழே. அலுமினியம் 2.7-தான். உள்ளே காற்று அடைபட்ட பொம்மை, மண் நிரப்பிய பீடம் இவற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. கல் பதித்தது, மரப்பிடி போட்டது, வண்ணம் பூசியது எதையும் தண்ணீரில் போடவே கூடாது.

பித்தளையையும் வெண்கலத்தையும் இந்தக் கணக்கு பிரித்துக் காட்டாது. அதற்குக் காதுதான் வேண்டும். சீனர்களின் பெரிய வட்டச் சேகண்டியைத் தட்டினால் ஓசை வெகுநேரம் இழுக்கும். அது வெள்ளீயம் நிறையச் சேர்த்து, அடித்துச் செய்த வெண்கலம். பித்தளைத் தாம்பாளத்தைத் தட்டினால் சத்தம் சீக்கிரம் அடங்கிவிடும்.

நாச்சியார்கோவிலா, மொராதாபாத்தா?

பித்தளை என்று தெரிந்துவிட்டது. எந்த ஊர்ப் பித்தளை?

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் உள்ள நாச்சியார்கோவில் குத்துவிளக்கைக் கண்டுபிடிப்பது சுலபம். காவிரி வண்டல் மண்ணில் அச்சுக் கட்டி வார்ப்பார்கள். அடி, தண்டு, தட்டு என்று தனித்தனியாகச் செய்து, கடைந்து, திருகிப் பொருத்துவார்கள். உச்சியில் அன்னம் உட்கார்ந்திருக்கும்.

வடக்கே உத்தரப் பிரதேசத்தில் மொராதாபாத் இருக்கிறது. 'பித்தளை நகரம்' என்றே அதற்குப் பெயர். அங்கே தட்டிலும் கூஜாவிலும் நெருக்கமாகப் பூவேலை செதுக்கி, பள்ளத்தில் கறுப்பு, சிவப்பு, பச்சை அரக்கை நிரப்புவார்கள். நகத்தால் லேசாகத் தொட்டால் அரக்கின் வழவழப்பு தெரியும். நாமக்கல் லாரிகள் போகாத ஊர் இந்தியாவில் இல்லை. ஆகவே மொராதாபாத் சாமான் இந்தப் பக்கத்து வீடுகளில் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

டிராகன் உருவம் இருந்தாலே சீனா என்று முடிவு கட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு. டிராகனும், தொந்தியைத் தடவிக்கொண்டு சிரிக்கும் புத்தரும் இன்று இந்தியாவிலேயே வார்க்கப்படுகின்றன. (அந்தச் சிரிக்கும் ஆசாமி கௌதம புத்தரே அல்ல, புதாய் என்ற சீனத்துச் சாமியார்!) ஜப்பானியரும் டிராகன் செய்வார்கள், அவர்களுடையதற்குப் பெரும்பாலும் மூன்று நகங்கள்தான் இருக்கும். ஐந்து நகம் சீனச் சக்கரவர்த்திக்கு உரியது என்பார்கள். 1912-ல் சக்கரவர்த்தி பதவி இறங்கிய பிறகு ஐந்து நகம் போடுவதற்கு யாரைக் கேட்க வேண்டும்? ஆகவே நகத்தை எண்ணி விலை சொல்கிறவரை நம்பாதீர்கள்.

வௌவால் வந்தால் அதிர்ஷ்டம்!

டிராகனைவிட நல்ல அடையாளங்கள் உண்டு. வௌவால் அதில் ஒன்று. நம் வீட்டில் வௌவால் நுழைந்தால் துடைப்பத்தைத் தேடுவோம். சீனருக்கோ அது அதிர்ஷ்டம். காரணம், சீன மொழியில் வௌவாலுக்கும் அதிர்ஷ்டத்துக்கும் ஒரே உச்சரிப்பு: 'ஃபூ'. மீனுக்கும் அப்படியே. 'யூ' என்றால் மீன். 'யூ' என்றால் மிச்சம், செழிப்பு. இந்தச் சிலேடை சீனருக்குத்தான் புரியும். மூலையில் சின்னதாக ஒரு வௌவால் இருந்தால், செதுக்கியவர் சீனப் பழக்கம் தெரிந்தவர் என்று ஊகிக்கலாம்.

ஒரே எழுத்து இரட்டைப் பிள்ளை மாதிரி ஒட்டி நிற்கிறதா? அது 'இரட்டை மகிழ்ச்சி'. கல்யாணச் சீர்ப் பொருள்களில் போடுவது. பீச் பழம் நீண்ட ஆயுளுக்கு. சிங்கங்கள் எப்போதும் ஜோடி: ஆண் சிங்கம் காலடியில் பந்தை வைத்திருக்கும், பெண் சிங்கத்தின் காலடியில் குட்டி இருக்கும்.

உபயோகம் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் சாமான்களும் உண்டு. மூடி முழுவதும் சல்லடைத் துளை போட்ட, உள்ளங்கைக்கு அடங்கும் பித்தளைப் பெட்டி ஒன்றைப் பார்த்தால் சாம்பிராணிப் பெட்டி என்றுதான் நினைக்கத் தோன்றும். அது குளிர்காலத்தில் கை காய்வதற்கு! உள்ளே கங்கைப் போட்டு, சீனர்கள் கையில் வைத்துக்கொள்வார்கள். நாமக்கல் வெயிலில் அதற்கு என்ன வேலை?

சீனப் பூட்டு இன்னும் வேடிக்கையானது. படுக்கை வாட்டில் நீளமாக இருக்கும். சாவியைத் திருகக் கூடாது. பக்கவாட்டில் நுழைத்துத் தள்ள வேண்டும். உள்ளே விரிந்து நிற்கும் வில் தகடுகளைச் சாவி அமுக்கும். உடனே தண்டு எதிர்ப்பக்கம் நழுவி வெளியே வரும். திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டையே பார்த்துப் பழகியவர்கள் இதைத் 'திறக்காத பூட்டு' என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். சாவி இல்லாவிட்டாலும் பூட்டை உடைக்க வேண்டாம். சாவியோடு இருந்தால் பிரிக்க வேண்டாம்.

அடிப்பக்கம் பொய் சொல்லும்

பொருளைத் திருப்பி அடியைப் பாருங்கள். ஆங்கிலத்தில் 'சைனா' என்று ஐந்து எழுத்துக்கள் அடித்திருக்கலாம். அமெரிக்கா 1890-ல் ஒரு சுங்கச் சட்டம் போட்டது. இறக்குமதியாகும் சரக்கில் எந்த நாட்டுச் சரக்கு என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்க வேண்டும் என்றது. 1891-ல் அது நடைமுறைக்கு வந்தது. பிற்பாடு, 1921 முதல், 'மேட் இன்' என்ற சொற்களையும் கேட்டார்கள். ஆகவே வெறும் 'சைனா' என்றால் பெரும்பாலும் 1891-க்குப் பிந்தியது. 'மேட் இன் சைனா' என்றால் அதற்கும் பிந்தியது என்று ஒரு மோட்டாக் கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் பினாங்குக் கடைக்காரர் அமெரிக்கச் சுங்கத்துக்கு ஏன் பயப்பட வேண்டும்? தமிழ்நாட்டு வீடுகளில் உள்ள சாமானில் ஆங்கில முத்திரை இல்லாமல் இருப்பது சகஜம். முத்திரை இல்லை என்பதற்காகப் பழையது என்றும் சொல்ல முடியாது; புதியது என்றும் சொல்ல முடியாது.

பெரிய ஏமாற்று வேறு இடத்தில் இருக்கிறது. தூபக்காலின் அடியில், ஒரு சதுரக் கட்டத்துக்குள் ஆறு சீன எழுத்துக்கள் இருக்கும். படிக்கத் தெரிந்தவரிடம் காட்டினால், "மகா மிங் வம்சத்துச் சுவாண்டே ஆண்டுகளில் செய்தது" என்பார். சுவாண்டே ஆட்சி 1426 முதல் 1435 வரை. அறுநூறு வயது! தலை சுற்றும்.

நிதானம்! அந்தச் சக்கரவர்த்தி காலத்துத் தூபக்கால்கள் அவ்வளவு புகழ் பெற்றவை. அதனால் பின்னால் வந்தவர்கள் எல்லாம் நூற்றாண்டு நூற்றாண்டாக அதே ஆறு எழுத்தைப் பொறித்தார்கள். சிலர் பக்தியால், சிலர் மரியாதையால், பலர் பணத்துக்காக. அசல் இதுதான் என்று சொல்ல நிபுணர்களே தயங்குகிறார்கள். கடைத்தெருவில் கிடைக்கும் புதுத் தூபக்காலிலும் அதே முத்திரை இருக்கிறது.

வயதைக் காட்டுவது எழுத்தல்ல, தேய்மானம். கை படும் இடம் எது என்று யோசியுங்கள். மூடியின் குமிழ், பிடியின் உள்வளைவு, அடியின் விளிம்பு. அந்த இடங்கள் மழமழவென்று தேய்ந்து, மற்ற இடங்கள் கூர்மையாக இருந்தால் நல்ல குறி. கை படாத குழியிலும் கை படும் மேட்டிலும் ஒரே மாதிரி கறுப்பு அப்பியிருந்தால், திராவகம் போட்டுக் கிழடாக்கிய புதுச் சரக்கு என்று சந்தேகப்படலாம். அடியில் இயந்திரத்தில் செய்த திருகாணி இருந்தாலும் சந்தேகம்தான். பற்றவைத்த தடம், அரத்தின் கீறல், கையால் அடித்த சுத்தியல் தழும்பு இவையெல்லாம் மனிதர் கை வேலைக்குச் சாட்சி.

விலை போடுவது எப்படி?

எடை விலைதான் அடிமட்டம். அன்றைய பழைய பித்தளை விலையை எடையால் பெருக்கினால் கிடைக்கும் தொகைக்குக் கீழே எந்தப் பித்தளையும் போகக் கூடாது. அதற்கு மேல் எவ்வளவு என்பதுதான் கேள்வி.

உண்மையைச் சொன்னால், மலாயாவிலிருந்து வந்த சாமான்களில் பெரும்பாலானவை 20-ம் நூற்றாண்டில் கடைக்கு என்று செய்தவை. டிராகன் போட்ட தட்டு, மூடியில் பச்சைக்கல் பதித்த சிகரெட் பெட்டி, மெழுகுவர்த்தித் தண்டு, சின்ன மணி. இவை லட்சக்கணக்கில் போகும் என்று கனவு காண வேண்டாம். ஆனால் எடை விலையைப்போலச் சில மடங்கு கொடுத்து வாங்க ஆள் இருக்கலாம். கம்பியால் கட்டம் கட்டி, கட்டத்துக்குள் வண்ண எனாமலை உருக்கி நிரப்பிய ஜாடி என்றால் அதன் மதிப்பில் உலோகத்தின் பங்கு மிகக் கொஞ்சம். அதை எடைக்குப் போடுவது, பட்டுப் புடவையைக் கந்தலுக்குப் போடுவது போலத்தான்.

முழுசாக இருப்பதற்கு எப்போதும் விலை. மூடி, பீடம், சாவி எல்லாம் சேர்ந்துதான் பொருள். பாகப் பிரிவினையில் அண்ணன் வீட்டுக்கு ஒரு சிங்கம், தம்பி வீட்டுக்கு ஒரு சிங்கம் என்று போயிருந்தால், ஒற்றைச் சிங்கத்துக்கு ஜோடி விலையில் பாதிகூட வராது. விற்பது என்று தீர்மானித்தால் இரண்டு வீட்டாரும் பேசி ஒன்றாக விற்பது நல்லது. (பேச்சுவார்த்தையில் இல்லாத அண்ணன் தம்பிகளுக்கு இது ஒரு சாக்கு!)

இன்னொன்று. கடைக்காரர் சீட்டில் எழுதி ஒட்டியிருக்கும் விலை, அவர் கேட்கும் விலை. யாராவது அந்த விலைக்கு வாங்கினார்களா? அதுதான் மதிப்பு. பொருளை விற்கப் போகும்போது, "இதே மாதிரி ஒன்று உண்மையில் என்ன விலைக்குப் போயிற்று?" என்று கேளுங்கள். வீடு தேடி வந்து, "இன்றைக்கே கொடுங்கள்" என்று அவசரப்படுத்துபவரிடம் அன்றைக்கே கொடுக்காதீர்கள்.

தாத்தாவின் பழைய பாஸ்போர்ட், கப்பல் சீட்டு, கடை ரசீது, அந்தப் பொருள் தெரியும்படி எடுத்த படம் எதுவானாலும் பொருளோடு சேர்த்து வையுங்கள். எப்போது, யார் மூலம் வந்தது என்பதற்குக் காகிதம் இருந்தால் வாங்குகிறவர் பேச்சே மாறிவிடும்.

புளி போடாதீர்கள்!

பண்டிகை வந்தால் புளியும் சாம்பலும் போட்டுப் பித்தளையைத் தங்கமாக்குவது நம் பெண்களின் கைவண்ணம். குத்துவிளக்குக்கு அது சரி. தினமும் ஏற்றும் விளக்கு பளிச்சென்று இருக்க வேண்டும். ஆனால் வயதான அலங்காரப் பொருளுக்குப் புளி எதிரி. பல ஆண்டுகளாக ஏறிய பழுப்பு நிறத்தை ஒரே தேய்ப்பில் கழற்றிவிடும். மெல்லிய செதுக்குக் கோடுகளும் மழுங்கும். முலாம் இருந்தால் அதுவும் போய்விடும். வாங்குகிறவர்கள் முதலில் தேடுவது அந்தப் பழுப்பைத்தான். உலர்ந்த மெல்லிய துணியால் தூசியைத் துடைத்தால் போதும்.

பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தால் ஈரம் படாத இடத்துக்கு மாற்றுங்கள். அலங்காரப் பித்தளைக்கு உள்ளே ஈயம் பூசியிருக்க மாட்டார்கள். அழகாக இருக்கிறதே என்று ஊறுகாயோ மோரோ ஊற்றி வைத்தால் உடம்புக்கு ஆகாது. குழந்தைகள் வாயில் வைக்கும்படியும் விடக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

1972-ம் ஆண்டில் பழம்பொருள் சட்டம் வந்தது. 1976 முதல் நடைமுறையில் இருக்கிறது. நூறு வயதுக்குக் குறையாத கலைப்பொருள் இந்தச் சட்டப்படி பழம்பொருள். அதைத் தனி ஆட்கள் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. சீனத்தில் செய்தது ஆயிற்றே என்று சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்குக் கொடுத்து அனுப்புவதற்கு முன் யோசிக்க வேண்டும். நூறு வயதான உலோகச் சிலைகளை வீட்டில் வைத்திருப்பவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். பழம்பொருள் வியாபாரம் செய்கிறவருக்கு உரிமம் வேண்டும். வாங்க வருபவரிடம் உரிமம் இருக்கிறதா என்று கேட்பதில் தப்பே இல்லை.

யோசனை கேட்க, சேலத்தில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. சென்னை எழும்பூரில் 1851-ல் தொடங்கிய பெரிய அருங்காட்சியகம் இருக்கிறது. அருங்காட்சியகங்கள் பொதுவாக விலை சொல்வதில்லை. பொருள் என்ன என்பதை விசாரிக்கலாம். முதல் தடவையே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டியதில்லை. முன்பக்கம், பின்பக்கம், திருப்பி வைத்த அடிப்பக்கம் என்று மூன்று படங்கள் எடுங்கள். அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து நான்காவது படம் எடுங்கள். எடையையும் உயரத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனால் போதும்.